ஏழு விநாடி இருட்டு

அத்தியாயம் ஒன்பது

மூன்று மணி வண்டி மில்வாக்கியை விட்டுக் கிளம்பியபோதே எனக்கு வயிற்றைக் கலக்க ஆரம்பித்துவிட்டது. காலையில் தின்ற சாசேஜ் மேல் பழியைப் போடலாமா என்று யோசித்தேன். சாசேஜ் பாவம். குற்றவாளி என் கோட்டுப் பையில் இருந்த கடிதம்.

மொத்தமே இரண்டு வரி. பென்சிலால், கட்டை எழுத்தில்.

'வெள்ளிக்கிழமை 803-ல் விளக்கு அணையும்போது உன் முறை. குவேல் போன இடத்துக்கு நீயும் போவாய்.'

நல்லவேளை, கடிதம் எனக்கு வரவில்லை. வந்திருந்தால் நான் இந்நேரம் அலாஸ்காவில் கரடிகளோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருப்பேன். 803-ன், அதாவது இந்த வண்டியின், பார் பெட்டியில் பீரும் ஹாம்பர்கரும் விற்கும் இர்மாவுக்கு வந்தது அது. இர்மா ஓடவில்லை. வெள்ளை ஏப்ரனை இறுக்கிக் கட்டிக்கொண்டு, எனக்கு எட்டடி தூரத்தில் நின்று கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அதை எத்தனை தடவைதான் படிப்பே?" என்றார் எதிரே உட்கார்ந்திருந்த மிஸ் ஃபெர்ஷ்.

"இதோட பதினோரு தடவை மேடம். ஒவ்வொரு தடவையும் பயம் புதுசா வருது."

"பயப்படறது தப்பில்ல. சத்தமா பயப்படாதே. அதுல உனக்கு எதுவும் வித்தியாசமா படலையா?"

"எழுதினவன் பள்ளிக்கூடத்துல கடைசி பெஞ்ச்."

"வேற?"

"வேற என்ன இருக்கு இதுல?"

அவர் என் கையைப் பார்த்தார். அது அவருடைய வழக்கம். அடலைன் ஃபெர்ஷுக்கு ஐம்பத்தாறு வயது, குச்சி உடம்பு, பழுப்புத் தொப்பி. மில்வாக்கியில் ஒரு பெரிய துணிக்கடையில் இருபது வருஷம் திருட்டுப் பிடித்தவர், இப்போது சொந்தமாகத் துப்பறிகிறவர். கோட்டுக்குள் காலுறையை ஒளிக்கும் சீமாட்டிகளைப் பிடித்துப் பிடித்து, யாருடைய முகத்தையும் பார்க்கும் பழக்கமே அவருக்குப் போய்விட்டது. கையைத்தான் பார்ப்பார். என்னை உதவியாளனாக எடுத்தபோதும், "நகம் கடிக்கறே. பயந்தாங்கொள்ளி. பரவாயில்ல, பயந்தவன் நாலு பக்கமும் பார்ப்பான்" என்றுதான் சேர்த்துக்கொண்டார்.

நான் காஸ் டூடெக். இதே வண்டியில் ஒன்பது வருஷம் கண்டக்டராக இருந்தவன். ஒரு நாள் கம்பெனித் துணைத் தலைவரின் மாமியாரை அவர் கேட்ட ஸ்டேஷனுக்கு இரண்டு ஸ்டேஷன் முன்னாலேயே பனியில் இறக்கிவிட்டேன். மருமகன் மனசுக்குள் எனக்கு மாலை போட்டிருப்பான். வெளியே வேலையை விட்டுத் துரத்தினான்.

வண்டி ஊருக்குள் டிராம் மாதிரி மணியடித்துக்கொண்டு தெருவில் ஊர்ந்துவிட்டு, ஊர் எல்லையைத் தாண்டியதும் பாய்ச்சல் எடுத்தது. நாற்பத்தொன்றில் இதைக் கொண்டுவந்து விட்டபோது மில்வாக்கியே பிளாட்பாரத்தில் நின்றது. அதுவரை ஓடியவை தபால்பெட்டிக்குச் சக்கரம் வைத்த மாதிரி சதுரமான மின்சாரப் பெட்டிகள். இதற்கோ வழவழவென்று வளைந்த மூக்கு, ஒரே உடம்பாக இணைந்த நான்கு பெட்டி, பக்கவாட்டில் நீலத்தில் 'புளூ ஹெரான்' என்ற பெயர், மணிக்கு எண்பத்தைந்து மைல் வேகம். இதைப் பார்த்ததும் கார் வைத்திருப்பவர்கள் எல்லாம் காரை விற்றுவிட்டு ஓடி வருவார்கள் என்று கம்பெனி நம்பியது. யாரும் விற்கவில்லை. இப்போது ஐம்பத்தைந்து டிசம்பர். தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே நெடுஞ்சாலை வருகிறது. மூக்கு வழவழப்பாக இருந்தாலும் வண்டிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. அது கிடக்கட்டும். இன்றைக்கு என் கவலை வண்டியின் ஆயுளைப் பற்றி இல்லை.

என் கவலை ஏழு விநாடியைப் பற்றி.

சிகாகோ நெருங்கும்போது ஒரு இடம் வரும். அதுவரை கூரைமேல் இருக்கும் கம்பத்தால் மேல்கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்த வண்டி, அங்கே கம்பத்தை இறக்கிவிட்டு, தரையோரமாக ஓடும் மூன்றாவது தண்டவாளத்துக்கு மாறும். மாறி முடிக்க ஏழு விநாடி. அந்த ஏழு விநாடியும் பெட்டியில் ஒரு விளக்கும் எரியாது. பிறகு மின்சாரம் வெடுக்கென்று திரும்பும்போது வண்டி ஓர் உதறு உதறும், மேஜை மேல் இருக்கும் பீர் மடியில் கொட்டும். அதற்காக டிரைவர் முன்கூட்டியே இரண்டு முறை ஹாரன் அடிப்பார். தினமும் வருகிறவர்கள் பேச்சை நிறுத்தாமல், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், கிளாஸைத் தூக்கிப் பிடித்துக்கொள்வார்கள். கேட்டால், தூக்கினோமா என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு நாள், நானும் இதே பெட்டியில் இருந்தபோது, அப்படித்தான் எல்லோரும் கிளாஸைத் தூக்கினார்கள். இருட்டு வந்தது, போனது. விளக்கு வந்தபோது கம்பெனி எஞ்சினியர் குவேல் கவுண்டர்மேல் தலைவைத்துத் தூங்குகிற மாதிரி கிடந்தார். பிடரியில் ஐஸ் உடைக்கும் ஊசி. இர்மாவின் பக்கெட்டில் இருந்த அதே ஊசி.

ஊசி யாருடையது? இர்மாவுடையது. கைக்கெட்டும் தூரத்தில் நின்றது யார்? இர்மா. போலீசுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? மிரட்டல் கடிதத்தைக்கூட அவளே எழுதிக்கொண்டாள் என்று சொல்லிவிட்டார்கள். வண்டி சிகாகோ போய்ச் சேர்ந்ததும் அவளைக் கைது செய்யப்போவதாக மேடத்துக்குத் தகவல் வந்திருந்தது. ஆக, இர்மாவுக்கு இருந்தது இரண்டே வழி. இருட்டில் சாக வேண்டும், இல்லாவிட்டால் வெளிச்சத்தில் ஜெயிலுக்குப் போக வேண்டும்.

ரசீன் ஸ்டேஷன் தாண்டியதும் இர்மா எங்கள் மேஜைக்குப் பீர் கொண்டுவந்தாள். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. வாங்கும்போது நான்தான் சிந்தினேன்.

"குடி காஸ், விஷம் ஒண்ணும் வெக்கல" என்றாள்.

"உங்களுக்குப் பயமே இல்லையா அக்கா?"

"ஏன் இல்ல? ராத்திரி பூரா வாந்தி எடுத்தேன். ஆனா வீட்ல உக்காந்தா நான்தான் செஞ்சேன்னு ஆயிடும். எங்க வீட்ல ஏற்கெனவே ஒருத்தர் செய்யாத தப்பைச் சுமந்துட்டுப் போயிட்டார். போதும்."

அவள் சொன்னது அவள் புருஷன் ஃபெர்டியை. எட்டு வருஷத்துக்கு முன் அவர் லெவல் கிராஸிங் காவலாளி. ஒரு பால் லாரி தண்டவாளத்துக்கு நடுவில் நின்றுபோனது, இந்த வண்டி வந்து மோதியது, லாரியில் இருந்த மூன்று பேர் செத்தார்கள். ஃபெர்டி சிவப்பு விளக்கை எடுத்துக்கொண்டு ஓடிவந்து காட்டியிருக்க வேண்டும், காட்டவில்லை என்று விசாரணையில் எழுதிவிட்டார்கள். 'காட்டினேன், காட்டினேன்' என்று சொல்லிக்கொண்டே இரண்டு வருஷம் குடித்துச் செத்தார் மனுஷன்.

"குவேல் உங்ககிட்ட கடைசியா என்ன சொன்னார்?" என்று மேடம் கேட்டார்.

"ஃபெர்டி விஷயமா பழைய பைல்ல ஒரு தாள் கிடைச்சிருக்கு, அடுத்த வாரம் கொண்டு வரேன்னார். அடுத்த வாரம்னு ஒண்ணு அவருக்கு வரவே இல்லையே."

"இதை வேற யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"ஆஸ்கர் அண்ணன்கிட்ட மட்டும். அவரு நம்ம மனுஷர்."

நம்ம மனுஷர்தான். ஆஸ்கர் லின்ட் கவுண்டர் அருகே உட்கார்ந்து எனக்குக் கையாட்டினார். எழுபது வயது, ரிட்டயரான டிரைவர். வீட்டில் பொழுது போகாமல், கம்பெனி கொடுத்த இலவச பாஸில் தினமும் இந்த வண்டியில் போய் வருகிறவர். விபத்து நடந்த அன்றைக்கு வண்டியை ஓட்டியது அவர்தான். அவர்மேல் தப்பில்லை என்று கம்பெனியே சொல்லிவிட்டது. ஆனாலும் மனசு கேட்காமல் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இர்மா வீட்டுக்கு ஒரு முழுப் பன்றித் தொடையைக் கொண்டுபோய்க் கொடுப்பார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். 'டேய், விளக்கு அணையறதுக்கு முன்னாடியே கண்ணை மூடிக்கோ. அப்புறம் இருட்டுல தொறந்தா பூனை மாதிரி தெரியும். எல்லா டிரைவரும் அதைத்தான் பண்ணுவோம்' என்பார்.

நான் எழுந்து அவரிடம் போனேன். அவர் பக்கத்தில் இருந்தால் பயம் கொஞ்சம் குறையும் என்று தோன்றியது.

"அண்ணே, உங்களுக்கு யார்மேல சந்தேகம்?"

அவர் தாடையால் கதவோரம் காட்டினார். அங்கே ஒரு தடித்த ஆள் தனியாக உட்கார்ந்திருந்தான். காலடியில் மாதிரிப் பெட்டி. பிரஷ் விற்கிறவனாம், ஓஹையோவிலிருந்து வருகிறானாம், இந்த வண்டியில் ஏறுவது இதுதான் முதல் தடவையாம். யாரும் கேட்காமலே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். வண்டிக்குள் கதகதவென்று இருந்தும் கறுப்புத் தோல் கையுறையைக் கழற்றவில்லை. கையுறையோடே ஹாம்பர்கர் தின்றான்.

"பார்றா அவனை" என்றார் ஆஸ்கர் தணிந்த குரலில். "நீ கதவுப் பக்கம் போய் அவனை மறிச்சு உக்காரு. இர்மாவை நான் பாத்துக்கறேன். அந்தக் கடைசி ஸ்டூலை எனக்குக் குடு. அவளைத் தொடணும்னா எவனும் என்னைத் தாண்டித்தான் போகணும்."

அந்த ஸ்டூலில் என் கோட்டைப் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தேன். அதுதான் கவுண்டர் முடியும் இடம். அதற்கப்புறம் தடுப்பு இல்லை. ஐஸ் பக்கெட், அதில் புதிதாக வாங்கி வைத்த ஊசி, பக்கத்தில் இர்மா. நான் கோட்டை எடுத்துக்கொண்டு அவருக்கு இடம் விட்டேன். நன்றி என்றுகூடச் சொன்னேன்.

திரும்பி வந்து மேடத்திடம் ஏற்பாட்டைப் பெருமையாகச் சொன்னேன்.

"யாரு கேட்டாங்க அந்த ஸ்டூலை? நீ குடுத்தியா, அவரா கேட்டாரா?"

"அவராத்தான் கேட்டார். தங்கமான மனுஷர்."

"ம்" என்றார். அவ்வளவுதான். அந்த 'ம்'மை நான் வழக்கம்போல அசட்டையாக விட்டுவிட்டேன்.

வாகிகனில் வண்டி இரண்டு நிமிஷம் நின்றது. மேடம், "காலை உதறிட்டு வரேன்" என்று இறங்கினார். ஜன்னல் வழியே பார்த்தேன். பனியில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் டிரைவரிடம் போனார். பிறகு பின்பக்கம் கண்டக்டர் எல்மரிடம் போனார். கையை ஆட்டி ஆட்டி என்னவோ பேசினார். ஏறி வந்தபோது அவர் மூக்கு சிவந்திருந்தது.

"என்ன மேடம் பேசினீங்க?"

"குளிர்காலம் எப்படிப் போகுதுன்னு விசாரிச்சேன்."

"என்கிட்ட மறைக்கறீங்க."

"ஆமா" என்றார். எனக்குக் கோபம் வந்தது. பயமும் கூடவே இருந்ததால் கோபப்பட இடம் போதவில்லை.

வாகிகனுக்கு அப்புறம் வெளியே இருட்டிவிட்டது. மணி நாலரைகூட ஆகவில்லை, டிசம்பர் என்றால் அப்படித்தான். ஜன்னல்களில் பனி அப்பி ஒன்றும் தெரியவில்லை. நான் கதவோரம் போய் பிரஷ்காரனுக்கு எதிரே உட்கார்ந்தேன். பெட்டியில் எங்களையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். வக்கீல் குமாஸ்தாக்கள் இரண்டு பேர் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழவர் குறட்டை விட்டார். யாருக்கும் கடிதம் பற்றித் தெரியாது. அவர்கள் சிரிக்கச் சிரிக்க எனக்கு வேர்த்தது.

பிரஷ்காரன் என்னையே பார்த்தான். நான் அவன் கையுறையைப் பார்த்தேன்.

"குளிருதுங்களா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"இல்ல" என்றான். "உனக்கு?"

"எனக்கு வேர்க்குது."

"அதான் பாக்கறேன். எதுக்கு வேர்க்குது?"

அந்தக் கேள்வியே எனக்குப் போதுமாக இருந்தது. இவன்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். இருட்டியதும் இவன் எழுந்தால் காலைக் கட்டிக்கொண்டு விழுவது என்று திட்டம். காலைக் கட்டிக்கொள்ள எனக்குக் கை வருமா என்பதுதான் தெரியவில்லை. வாய்க்குள் ஒரு ஜெபம் சொல்லிப் பார்த்தேன். பாதியில் மறந்துபோனது.

வண்டி வேகம் குறைந்தது. எனக்கு அந்த இடம் உடம்பிலேயே தெரியும். ஒரு வளைவு, ஒரு தடதடப்பு, அப்புறம் அந்த இடம். இர்மா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிளாஸ் தட்டை இரண்டு கையாலும் பிடித்தாள். அவள் தோள் விறைப்பதைப் பார்த்தேன். அப்போதுதான் அவள் எவ்வளவு பயந்திருக்கிறாள் என்பது எனக்கு உறைத்தது. பயந்துகொண்டு, நகராமல் நின்றாள்.

ஹாரன் ஒரு முறை அடித்தது.

இரண்டாம் முறை அடித்தது.

பெட்டி முழுக்கக் கிளாஸ்கள் எழுந்தன. குமாஸ்தாக்கள் குறுக்கெழுத்திலிருந்து கண்ணை எடுக்காமல் தூக்கினார்கள். குறட்டைக் கிழவர் தூக்கத்திலேயே தூக்கினார். நான் வேலையை விட்டு மூன்று வருஷம் ஆகிறது, என் கையும் தூக்கியது. பிரஷ்காரன் மட்டும் தூக்கவில்லை. என்ன நடக்கிறது என்று விழித்தான். அவன் நிஜமாகவே புது ஆள்.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இப்போது இருட்டும். இதோ இருட்டும்.

இருட்டவில்லை.

விளக்குகள் ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தன. ஒரு விநாடி, இரண்டு விநாடி, மூன்று. நான் தலையைத் திருப்பினேன்.

கடைசி ஸ்டூலுக்கு முன்னால் ஒரு கிளாஸ் கவுண்டர்மேலேயே இருந்தது. யாரும் அதைத் தூக்கவில்லை. அதன் சொந்தக்காரர் எழுந்து நின்றிருந்தார். தொப்பியை மூக்கு வரை இழுத்து விட்டுக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, பளீர் வெளிச்சத்தில், பெட்டியே பார்க்க, ஆஸ்கர் லின்ட் ஐஸ் பக்கெட்டிலிருந்து ஊசியை உருவினார். ஒரு கையில் மட்டும் எப்போது கையுறை மாட்டினார் என்பதை நான் பார்க்கவே இல்லை. அவர் ஓர் அடி எடுத்து வைத்தார். தடுமாறவில்லை. எத்தனை அடி, எந்தப் பக்கம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்; குத்தும் விநாடிக்குக் கண்ணைத் திறந்தால் போதும். கை மேலே போனது. இர்மாவின் பிடரிக்கும் அதற்கும் நடுவே ஒரு முழம் இருந்தது.

நான் கத்தினேனா என்று தெரியாது. கால் இரண்டும் தரையோடு ஒட்டிவிட்டன. என் வாழ்நாளில் அவ்வளவு பயந்ததில்லை. ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு கொலை செய்ய வருவதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்க்கவும் வேண்டாம்.

கண் இமைப்பதற்குள் பிரஷ்காரன் என்னைத் தாண்டிப் போயிருந்தான். அந்தத் தடித்த உடம்புக்கு அப்படி ஒரு வேகம். அவனுடைய கறுப்புக் கையுறை ஆஸ்கரின் மணிக்கட்டை அந்தரத்திலேயே பிடித்தது.

"ஆஸ்கர்" என்றார் மிஸ் ஃபெர்ஷ், உட்கார்ந்த இடத்திலிருந்தே. "கண்ணைத் திறங்க."

அவர் திறந்தார். முதலில் விளக்கைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். பிறகு திரும்பி நின்ற இர்மாவைப் பார்த்தார். ஊசி கீழே விழுந்து உருண்டு ஒரு குமாஸ்தாவின் ஷூவில் முட்டி நின்றது. அந்தக் குமாஸ்தா இன்னும் கிளாஸைத் தூக்கிப் பிடித்தபடியே இருந்தார்.

"இவர் யாரு மேடம்?" என்று பிரஷ்காரனைக் காட்டிக் கேட்டேன்.

"சார்ஜென்ட் கினேலி. சிகாகோ போலீஸ். இர்மாவைக் கைது பண்ண வந்தவர். அதுக்கு முன்னாடி ஒரு தடவை ஹாரன் சத்தம் கேட்டுட்டுப் போங்கன்னு கெஞ்சினேன்."

"கையுறை?"

"படை" என்றார் கினேலி சுருக்கமாக. "சொறி. டாக்டர் கழட்டக் கூடாதுன்னுட்டார். உனக்கு வேர்த்ததைப் பாத்து நீதான் ஆளுன்னு நெனச்சேன்."

"விளக்கு ஏன் அணையல?"

"கம்பி அந்த இடத்துக்கு அப்புறமும் ஒரு மைல் போகுது" என்றார் மேடம். "வீட்டுக்குப் போற அவசரத்துல எல்மர் தினமும் சீக்கிரமே கம்பத்தை இறக்கிடறார். இன்னைக்கு ஹாரனை மட்டும் வழக்கமான இடத்துல அடிங்க, கம்பத்தைக் கடைசில இறக்குங்கன்னு சொல்லிட்டு வந்தேன். இருட்டுல யாரு என்ன பண்றாங்கன்னு எனக்குத் தெரியாது காஸ். வெளிச்சத்துல கை தெரியும்."

"இதை என்கிட்ட ஏன் சொல்லல?"

"கடிதத்துல 803-ன்னு இருந்தது. பயணிங்க யாரும் இந்த வண்டியை நம்பர் வெச்சுக் கூப்பிடறதில்ல, புளூ ஹெரான்னுதான் சொல்லுவாங்க. நம்பர் சொல்றவன் வண்டியில வேலை பார்த்தவன். பதினோரு தடவை படிச்சும் உனக்கு அது வித்தியாசமா படல, ஏன்னா நீயும் அப்படித்தான் சொல்லுவே. குவேல் செத்த அன்னைக்கு டிரைவர் முன்னாடி இருந்தார், எல்மர் பின்னாடி கம்பத்துக் கயித்தைப் பிடிச்சிட்டு இருந்தார். இந்தப் பெட்டியில பழைய ஆளு ரெண்டே பேரு. ஒண்ணு அவர். இன்னொண்ணு நீ."

"என்னையா சந்தேகப்பட்டீங்க?"

"வாகிகன் வரைக்கும். தொழில் சொல்லிக் குடுத்தவருக்காக நீ செஞ்சிருக்கலாமே. ஸ்டூல் கதையைச் சொன்னப்புறம் பாதிதான் பட்டேன்."

எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. அவர் சந்தேகப்பட்டதற்காக இல்லை. அந்த ஸ்டூலை என் கையால் கொடுத்தேன். என் கையால் கொடுத்து, நன்றியும் சொன்னேன்.

இர்மா தட்டைக் கீழே வைத்தாள். "அண்ணே" என்றாள். "போன மாசம் உங்ககிட்டதானே வந்து சொன்னேன். பைலைத் திறக்கச் சொல்லி மனு போடப்போறேன்னு."

ஆஸ்கர் தரையைப் பார்த்தார்.

"அந்தத் தாளை குவேல் வீட்ல நேத்து நான் தேடி எடுத்தேன்" என்றார் மேடம். "விபத்து நடந்தப்போ இந்த பார்ல வேலை பார்த்தவர் எழுதிக் குடுத்தது. மோதறதுக்கு முந்தின நிமிஷம் டிரைவர் இங்க காபிக்காக நின்னுட்டிருந்தார்னு எழுதியிருக்கார். கையை எடுத்தா வண்டி நிக்கற கைப்பிடியை பெல்ட்டால கட்டி வெச்சுட்டு வந்திருக்கார். கம்பெனி அந்தத் தாளைப் பைலுக்கு அடியில போட்டுடுச்சு. கையெழுத்து தெளிவில்ல, பேரும் இல்ல. கோர்ட்ல அது மட்டும் நிக்காது. அதான் இவ்வளவும்."

"கடிதம் எதுக்கு?" என்று கேட்டேன்.

"பயந்து ஓடினா இர்மாதான் கொலைகாரின்னு ஆயிடும். ஓடாம வந்தா இருட்டு இருக்கு. ரெண்டுல எதுன்னாலும் மனு போட ஆளிருக்காது, அவருக்கு லாபம்."

கினேலி விலங்கை எடுத்தார். ஒரு கையில் மாட்டினார். அப்போதுதான் எனக்கு அது உறைத்தது.

"மேடம்! கம்பம் இன்னும் இறங்கல!"

"இறங்கும்" என்றார் அவர். முதல் முறையாக அவர் குரலிலும் அவசரம் தெரிந்தது. "சார்ஜென்ட், சீக்கிரம் இன்னொரு கையையும்..."

ஹாரன் இரண்டு முறை அடித்தது. விளக்கு அணைந்தது.

கரி இருட்டு. மோட்டார் சத்தமும் நின்றுபோய், சக்கரங்கள் உருளும் சத்தம் மட்டும். யாரோ ஒரு பெண் வீறிட்டாள். விலங்குச் சங்கிலி கிலுங்கியது. பூனை மாதிரி கண் தெரிகிற ஒரு மனுஷன் பாதி விலங்கோடு இந்த இருட்டுக்குள் நிற்கிறான், ஊசி தரையில் எங்கேயோ கிடக்கிறது என்று நினைத்ததும் நான் இர்மா நின்ற பக்கமாகப் பாய்ந்தேன். எப்படிக் கால் வந்தது என்று கேட்காதீர்கள். கவுண்டர் முனையில் இடுப்பை இடித்துக்கொண்டு அவளுக்கு முன்னால் போய் நின்றேன்.

எனக்குப் பின்னாலிருந்து இர்மா பேசினாள். குரல் சமாதானமாக இருந்தது.

"அண்ணே, ஃபெர்டி விளக்கைக் காட்டினாரா?"

ஏழு விநாடி தாண்டியிருக்கும்; வழக்கமில்லாத இடத்தில் மாறியதால் மின்சாரம் இன்னும் வரவில்லை. சக்கரம் உருண்டது.

"வெளிச்சத்துல என் மூஞ்சியைப் பாத்து சொல்ல முடியாது. எனக்குத் தெரியும். இப்ப சொல்லுங்க."

"காட்டினான்" என்றது ஆஸ்கரின் குரல். நினைத்ததைவிட என் பக்கத்திலேயே இருந்தது. "நான் திரும்பி வந்தப்போ ஜன்னல்ல ஆடிட்டிருந்தது. தண்டவாளத்து நடுவுல நின்னு ஆட்டினான், இர்மா. கடைசி வரைக்கும் நகரல. நேரம்தான் இல்ல."

மின்சாரம் வந்தது. வண்டி ஓர் உதறு உதறியது. ஆஸ்கர் ஓடவும் இல்லை, ஊசியைத் தேடவும் இல்லை. விலங்கு மாட்டாத கையால் முகத்தை மூடிக்கொண்டு அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பெட்டியில் இருந்த அத்தனை பேரும் கேட்டுவிட்டார்கள். குறட்டைக் கிழவர்கூட விழித்துக்கொண்டு கேட்டிருந்தார்.

கினேலி இரண்டாவது விலங்கையும் பூட்டிவிட்டு, நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பென்சிலை நாக்கில் தொட்டார்.

"யாரும்மா அந்த ஃபெர்டி?"

இர்மா ஏப்ரனால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"முழுப் பேரா எழுதிக்குங்க சார். ஃபெர்டினாண்ட் டோல்ஸ்மன். என் புருஷன். விளக்கைக் காட்டினவர்."